மனநோய்க் குளிசையும் அதைக் குறைக்கும் விதமும்

(பாசிக்குடாவில் எமது சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய பேச்சு)



இந்த விழாவிலே பேசுவதற்கு நாம் எடுத்துக்கொண்ட பொருளைக் கேள்வியுற்ற பெரியவர் ஒருவர் சற்றே முகஞ்சுளித்தார். "ஆண்டு விழாவும் அதுவுமாகப் பைத்தியக் குளிசையைப் பற்றியா பேசப்போகிறீர்கள்? திருமுறையைப் பற்றிப் பேசலாமே" என்றார். மூத்தவர் சொல்லைத் தட்டுவது எமக்கு எளிதன்று. ஆயினும், இப்பந்தலில் கூடியிருப்போரின் வீடுகள் பலவற்றில், அரிசிப் பானைக்குப் பின்னாலோ சாமி அறை மூலையிலோ, ஒரு பால்மாப் பேணிக்குள் அந்தக் குளிசை ஒளித்து வைக்கப்பட்டிருக்கிறது என்பதை நாம் அறிவோம். எம் குடும்பத்திலும் அப்படி ஒரு பேணி உண்டு. ஆகவே பெரியவர் எம்மைப் பொறுத்தருள வேண்டும்.

நாம் வைத்தியர் அல்லோம். பள்ளிக்கூடத்திலே பாடஞ்சொல்லி ஓய்வு பெற்றோம். நாம் சொல்வதைக் கேட்டு எவரும் நாளைக் காலை ஒரு குளிசையைத் தானும் குறைக்கக் கூடாது. வைத்தியரிடம் போய்க் கேட்க வேண்டிய கேள்விகளைத் தெரிந்துகொண்டால் போதும். அந்தக் கேள்விகளைக் கேளாமல் விட்டதனால் எம் வீட்டில் நடந்ததை முதலில் சொல்கிறோம்.

எம் தமக்கையாரின் மகன், 2004 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆம் நாள் கடல் ஏறி வந்தபோது பத்தொன்பது வயதுப் பிள்ளை. அத்தானையும் தோணியையும் அன்று கடல் கொண்டுபோயிற்று. இவன் தென்னையைப் பிடித்துத் தப்பினான். முதல் இரண்டு வருடமும் ஒன்றும் தெரியவில்லை. எல்லாரையும் போல அழுதான், எல்லாரையும் போலக் கடலுக்குப் போகப் பயந்தான். 2007 ஆம் ஆண்டிலே தூக்கம் போயிற்று. காதிலே குரல் கேட்கிறது என்றான். அயல்வீட்டார் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று விடியுமட்டும் வேலியோரத்தில் நின்றான். தாய் ஊற்றிய தேத்தண்ணியைக் குடிக்க மறுத்தான்.

நம் ஊர் வழக்கப்படி முதலிலே கட்டாடியாரிடம் கொண்டுபோனோம். பார்வை பார்த்தார், நூல் கட்டினார், வேப்பிலை அடித்தார். மூன்றாந் தடவை போனபோது அவரே, "இது என் கைக்குள் நிற்கிற காரியமில்லை. அம்மாளுக்கு வைப்பதை வையுங்கள்; பிள்ளையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்லிவிட்டார். அந்த மனிதரை நாம் இன்றைக்கும் கையெடுத்துக் கும்பிடுகிறோம். தம் கைக்கு எது எட்டும், எது எட்டாது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. படித்த எமக்கு அது தெரியவில்லை என்பதைப் பின்னே கேட்பீர்கள்.

ஆஸ்பத்திரியில் ரிஸ்பெரிடோன் என்ற குளிசையும், அதனால் கைகால் விறைக்காதிருக்கப் பென்ஸ்ஹெக்சோலும், இரவு நித்திரைக்கு டயசிபாமும் கொடுத்தார்கள். சில மாதங்களிலே குரல்கள் அடங்கின. போர் முடிந்து பாசிக்குடாக் கரையில் ஹோட்டல்கள் எழும்பிய காலத்தில் மேசனுக்குக் கையாளாக வேலைக்கும் போனான். 2011 ஆம் ஆண்டு கலியாணப் பேச்சு வந்தது. பெண் வீட்டார் வருகிற நாளிலே பேணி கண்ணிற் பட்டால் என்ன செய்வது? பிள்ளையும், "மாமா, உடம்பு ஊதிப்போச்சு, விடிய எழும்ப ஏலாமக் கிடக்கு" என்றான். கோயிற் சடங்கும் நெருங்கிற்று; விரத காலத்திலே குளிசை எதற்கு என்றார் ஒருவர். குடும்பத்தார் கூடியிருந்து பேசினோம். நான்கு வருடமாய் ஒன்றுமில்லை, இனி நோய் எங்கே இருக்கிறது, நிறுத்திப் பார்ப்போம் என்று தீர்ப்புச் சொன்னவர் வேறு யாருமல்லர், நாமேதான். ஒரு திங்கட்கிழமை மூன்று குளிசையும் ஒன்றாக நின்றன.

மூன்றாம் நாள் வியர்வையும் நடுக்கமும் கண்டன. நித்திரை அறவே இல்லை. எட்டாம் நாள் அதிகாலையில் கிணற்றடியிலே வலிப்பு வந்து விழுந்தான். சாமிக் குற்றம் என்றார்கள் சிலர். நாமும் அரைமனதாய் அதை நம்பினோம். ஒரு மாதம் கழிய, பழைய குரல்கள் வந்தன. பிள்ளை வேலியோரத்துக்குப் போனான். கலியாணப் பேச்சு முறிந்தது. ஆறு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்தான். வைத்தியர் எம்மைக் கடிந்துகொள்ளவில்லை. "குறைக்க நினைத்தது பிழையில்லை, ஐயா. குறைத்த விதந்தான் பிழை. கேட்டிருந்தால் நானும் சேர்ந்தே குறைத்திருப்பேனே" என்றார். கேட்கலாம் என்பதே எமக்குத் தெரிந்திருக்கவில்லை. வரிசையில் நின்று கிளினிக் கொப்பியை நீட்டுவதும், குளிசையை வாங்கிக்கொண்டு பஸ்ஸைப் பிடிக்க ஓடுவதுமே வைத்தியம் என்று நான்கு வருடம் எண்ணியிருந்தோம்.

இனி, நடந்தது யாது என்பதைப் பார்ப்போம்.

பலத்த கச்சான் காற்றுக்கு எதிரே நடக்கிறவன் காற்றின் பக்கமாய்ச் சாய்ந்து நடப்பான். காற்று சட்டென்று நின்றால் முன்னே விழுவான். மூளையும் அப்படித்தான். குளிசை ஒரு பக்கமாய்த் தள்ள, மூளை மாதக்கணக்காய் மறுபக்கம் சாய்ந்து தன்னை நிலைப்படுத்திக்கொள்கிறது. தள்ளுகை ஒரே நாளில் நின்றால் சாய்வு மட்டும் மிஞ்சும். நடுக்கம், வியர்வை, தலைச்சுற்று, குமட்டல், கெட்ட கனவு, தலைக்குள் மின்சாரம் அடித்தாற்போன்ற அதிர்ச்சி, இவையெல்லாம் அந்தச் சாய்வின் குணங்கள். இவை பெரும்பாலும் சில நாட்களுக்குள் வரும். முன்பு அந்த நோயாளிக்கு இல்லாத உடற்குணங்களாகவும் இருக்கும். நோய் மீளுதல் வேறு. அது கிழமைகளோ மாதங்களோ சென்று, பழைய முகத்தோடே வரும். எம் மருமகனுக்கு எட்டாம் நாள் வந்த வலிப்பு டயசிபாமை அறுத்ததனால் வந்தது. ஒரு மாதம் சென்று வந்த குரலே நோய். நாம் இரண்டையும் ஒன்றாக்கிச் சாமியின் தலையிலே போட்டோம். வைத்தியர்களுக்குங்கூட இவ்விரண்டையும் பிரித்தறிவது எப்போதும் எளிதாயிருப்பதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஆகையால்தான் எந்த நாளில் என்ன குணம் கண்டது என்று எழுதி வைக்கும் கொப்பி இத்தனை பயன்படுகிறது.

எல்லா மருந்துக்கும் ஒரே கணக்கு இல்லை. டயசிபாம், குளோனசிபாம் போன்ற நித்திரைக் குளிசைகளை நெடுங்காலம் எடுத்தவர் சட்டென்று விட்டால் வலிப்பு வரலாம், உயிரும் போகலாம். இங்கிலாந்தின் நியூகாசிலிலே ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியை 1982 முதல் 1994 வரை இவ்வகை மருந்தை விடுவிப்பதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். அவசரம் வேண்டாம், நோயாளியின் நடைக்கு ஏற்ப மாதக்கணக்கில் இறங்குக என்பதே அவர் கண்ட முறை. லிதியம் என்ற மருந்தை இரண்டு கிழமைக்குள் நிறுத்தியவர்களுக்கு, மெல்ல நிறுத்தியவர்களைவிட விரைவாக நோய் மீள்வது கண்டறியப்பட்டிருக்கிறது. நிறுத்துவதாயின் குறைந்தது நான்கு கிழமை, கூடுமாயின் மூன்று மாதம் என்கிறார்கள். குளோசபின் எடுப்பவர் 48 மணித்தியாலத்துக்கு மேல் தவறவிட்டால், பழைய அளவை அப்படியே மீண்டும் விழுங்கக் கூடாது. வைத்தியரிடம் போய் 12.5 மில்லிகிராமிலிருந்து திரும்பத் தொடங்க வேண்டும். மாதம் ஒருமுறையோ இருமுறையோ போடுகிற ஊசி இன்னொரு விதமாய் ஏமாற்றும். அது உடம்பிலே தங்கி மெல்லக் கரைவதால், ஊசியை விட்ட பிறகும் சில மாதம் பிள்ளை நன்றாயிருப்பான். "பார், ஊசி இல்லாமலும் சுகமாயிருக்கிறான்" என்று வீட்டார் மகிழ்ந்திருக்கும் வேளையிலே நோய் வந்து நிற்கும்.

வல்புரோவேற் என்ற மருந்தைப் பற்றித் தாய்மார்களுக்குத் தனியாக ஒரு சொல். கருவிலிருக்கும் பிள்ளைக்கு அது தீங்கு செய்யும். கலியாணம் பேசும்போதே வைத்தியரிடம் சொல்லி வேறு மருந்துக்கு மாற வேண்டும். கரு உண்டான பின் பயந்து தாமாக நிறுத்துவதும் ஆபத்தே.

மனச்சோர்வுக்குக் கொடுக்கும் குளிசைகளைப் பற்றி அண்மையிலே தெளிவான ஒரு கணக்கு வந்திருக்கிறது. மார்க் ஹொரோவிற்ஸ், டேவிட் டெய்லர் என்னும் இருவர் 2019 ஆம் ஆண்டு லண்டனிலிருந்து எழுதியது. இவர்களில் ஹொரோவிற்ஸ் தாமே இம்மருந்தை எடுத்து, விடமுடியாமல் அல்லற்பட்டவர். எம்மைப் போன்றவர்களுக்கு அதனாலேயே அவரிடம் ஒரு நம்பிக்கை. சித்தலோபிராம் என்னும் குளிசை 20 மில்லிகிராம் எடுத்தால், மூளையில் அது பற்றவேண்டிய இடங்களிலே ஏறக்குறைய 100க்கு 80ஐப் பற்றுகிறது. அளவைப் பாதியிலும் சற்றுக் குறைத்து 9 மில்லிகிராம் ஆக்கினாலும் 70ஐப் பற்றுகிறது. 3.4 மில்லிகிராமிலும் 50. ஒரு மில்லிகிராமுக்கும் குறைவான 0.8இலே கூட 20. கணக்குப் போட்டுப் பாருங்கள். இருபதிலிருந்து ஒன்பதுக்கு இறங்குகிறவன் பத்துப் பங்கைத்தான் இழக்கிறான். மூன்றரையிலிருந்து பூச்சியத்துக்கு இறங்குகிறவன் ஐம்பது பங்கை இழக்கிறான்.

நம் பாசிக்குடாக் கடலிலே நெடுந்தூரம் நடந்து போனாலும் தண்ணீர் இடுப்புக்கு ஏறாது. வெளியூர்க்காரர் அதைப் பார்க்கத்தானே வருகிறார்கள். மருந்தின் தரை இதற்கு நேர்மாறு. தூரத்திலே சமதரை, கரைக்குக் கிட்டத்தான் செங்குத்து. பாதியாய் உடைத்து, காலாய் உடைத்து, "இனி என்ன, இத்தனை சின்னத் துண்டுதானே" என்று கடைசிக் காலைச் சட்டென்று எறிகிறவன் அந்தச் செங்குத்திலே விழுகிறான். ஆகவே முதலில் இறங்கிய வேகத்திலே கடைசியில் இறங்கலாகாது. கடைசிப் படிகள் மிகச் சிறியனவாயும், இடைவெளி நீண்டனவாயும் இருக்க வேண்டும். அதற்கு நீர்மருந்தாய்க் கிடைக்குமா, சிறிய அளவுக் குளிசை உண்டா என்று வைத்தியரிடமும் மருந்து கொடுப்பவரிடமும் கேட்கலாம். வீட்டிலே கத்தியால் நறுக்கவேண்டாம்; மெல்லக் கரையும்படி செய்த குளிசைகளை உடைத்தால் முழு மருந்தும் ஒரேயடியாய் இறங்கிவிடும்.

அப்படியானால், மெல்லக் குறைத்தால் எல்லாருக்கும் விட்டுவிடலாமா? இல்லை. இதை மறைத்துப் பேசினால் நாம் 2011இல் செய்த பிழையையே மேடையேறிச் செய்தவராவோம். இங்கிலாந்தில் மனச்சோர்வுக் குளிசையை நெடுங்காலம் எடுத்து நலமாயிருந்த 478 பேரை இரு கூறாக்கி, ஒரு கூறுக்கு மருந்தைத் தொடர்ந்தும் மறு கூறுக்குக் குறைத்து நிறுத்தியும் ஒரு வருடம் பார்த்து, 2021 ஆம் ஆண்டு வெளியிட்டார்கள். நிறுத்தியவர்களில் 100க்கு 56 பேருக்கு நோய் மீண்டது. தொடர்ந்தவர்களிலும் 39 பேருக்கு மீண்டது. குரல் கேட்கும் பெருநோய்க்கான மருந்தைப் பற்றி ஜொயன்னா மொன்கிரீஃப் என்ற வைத்தியரின் குழு அங்கேயே 253 பேரை இரண்டு வருடம் பார்த்து 2023இல் வெளியிட்டது. மெல்லக் குறைத்தவர்களில் 100க்கு 25 பேருக்கும், குறைக்காதவர்களில் 13 பேருக்கும் நோய் கடுமையாய் மீண்டது. குறைத்தால் தொழிலும் உறவும் மேம்படும் என்று எதிர்பார்த்ததும் அந்த இரண்டு வருடத்திலே நடக்கவில்லை. இந்தக் கணக்கைப் பார்த்து, ஒருபோதும் குறையாதே என்பார் ஒருவர். குறைத்தவர்களில் நான்கில் மூன்று பங்கினருக்குக் கடுமையாக மீளவில்லையே என்பார் மற்றொருவர். இரண்டும் உண்மை. தன் பிள்ளை எந்தப் பக்கத்தில் நிற்பான் என்று முன்கூட்டிச் சொல்ல வல்லார் இல்லை. பலமுறை நோய் மீண்டவர், உயிரை மாய்க்க முயன்றவர் ஆகியோருக்கு வைத்தியர் வேண்டாம் என்று சொன்னால் அதற்குக் காரணம் உண்டு. உடம்பு ஊதுதல், சீனி வருத்தம், வாய் தானே அசைதல் என்று மருந்தால் துன்பப்படுகிறவர் குறைக்கக் கேட்டால் அதற்கும் காரணம் உண்டு.

வள்ளுவர் மருந்து என்ற அதிகாரத்தின் முடிவிலே வைத்தியத்தை நான்கு கூறாக்கினார். நோயாளி, வைத்தியன், மருந்து, பக்கத்தில் இருந்து பார்ப்பவன் என்பன அவை. முழுமையான வைத்தியம் என்று இப்போது புதிதாய்ச் சொல்கிறார்களே, அது இந்த நான்கும் சேர்ந்ததே என்று நாம் கருதுகிறோம். மருந்தென்னும் கூறு குறையும்போது மற்ற மூன்றும் கூட வேண்டும். எம் வீட்டில் அன்று மருந்து போனது, வைத்தியரிடம் சொல்லவில்லை, பக்கத்திலிருந்தவர்களாகிய நாம் பெண் பார்க்கும் அலுவலில் இருந்தோம்.

பக்கத்திலிருப்பவரின் நாவைப் பற்றி ஆராய்ச்சியே உண்டு. லண்டனிலே ஜோர்ஜ் பிரௌன் என்பவரும் அவரோடு வேலை செய்தவர்களும் 1972இல் காட்டியது இது: ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பிய நோயாளியை ஓயாது குறைகூறியும், அளவுக்கு மிஞ்சிப் பொத்திப் பொத்தியும் வைக்கிற வீடுகளிலே நோய் அதிகம் மீண்டது. பின்பு சண்டிகாரிலே பார்த்தபோது அங்குள்ள குடும்பங்களில் இக்குறை கூறல் குறைவாயிருந்தது. நம் நாட்டைப் பற்றி நான்சி வக்ஸ்லர் என்ற அம்மையார் 1979இல் எழுதினார். இங்கே இந்நோய் கண்டவர்கள் ஐந்து வருடத்தின் பின் நன்றாகத் தேறியிருந்ததையும், அவர்களை என்றைக்கும் உடைந்தவராய்க் கருதாத சமூகத்துக்கு அதிலே பங்குண்டு என்பதையும் அவர் சொன்னார். அந்தப் புகழுரைக்கு இன்றும் நாம் தகுதியுடையவரா என்று பேணியை ஒளித்து வைத்த எமக்கு ஐயம் உண்டு.

கோயிலுக்கு வருவோம். சமயச் சங்கத்து மேடை. கோயிலால் பயனில்லை என்றும் சொல்லமாட்டோம், கோயிலே போதும் என்றும் சொல்லமாட்டோம். தமிழ்நாட்டில் முத்துசாமி கோயில் என்ற இடத்துக்கு மனநோயாளரை வீட்டார் கொண்டுவந்து தங்கவைப்பார்கள். ரகுராம் என்ற வைத்தியரும் கூட்டாளிகளும் அங்கே தங்கிய 31 பேரைச் சோதித்து 2002இல் எழுதினார்கள். சராசரி ஆறு கிழமை தங்கினார்கள், மருந்து கொடுக்கப்படவில்லை, நோயின் கடுமை ஐந்தில் ஒரு பங்கு அளவுக்குக் குறைந்தது. பேயோட்டுவது போன்ற தனிச் சடங்கு எதுவும் அங்கே இல்லை. வீதி கூட்டுதல், செடிக்குத் தண்ணீர் விடுதல், காலை மாலை வழிபாடு, அடியும் ஏச்சும் இல்லாத இடம், இவ்வளவே. 31 பேர் சிறிய தொகை, ஒப்பிட்டுப் பார்க்க மறு கூட்டம் இல்லை என்பதையும் மறக்கலாகாது. அதற்கு முந்திய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 ஆம் நாள், ஏர்வாடியிலே தனியார் நடத்திய காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியிற் கட்டப்பட்டிருந்த 28 மனநோயாளர் ஓட முடியாமல் வெந்து மாண்டார்கள். நம்பிக்கையோடு கொண்டுபோய் விட்ட இடந்தான் அதுவும்.

நம் இளைஞர்கள் அறிய வேண்டியவை இன்னுஞ் சில உண்டு. இவற்றை யாரும் மேடையிற் சொல்லக் கேட்டதில்லை. லிதியம் எடுப்பவர் கந்தசஷ்டிக்குத் தண்ணீரும் உப்பும் குறைத்து உபவாசம் இருந்தால், மருந்து இரத்தத்திலே தேங்கி நஞ்சாகும். கதிர்காமப் பாதயாத்திரையிலே வெயிலில் வியர்த்து நடப்பவருக்கும் அதே ஆபத்து. போகக்கூடாது என்பதல்ல, வைத்தியரிடம் சொல்லிவிட்டு, குளிசையையும் தண்ணீரையும் மடியில் வைத்துக்கொண்டு, உடன் ஒருவர் அறிந்திருக்கப் போகவேண்டும். சிவராத்திரி விழிப்பும், சடங்குக் காலத்திலே பல இரவு உறங்காதிருப்பதும், மிகை எழுச்சி வருத்தம் உடையவரை ஓர் இரவிலேயே கிளப்பிவிடக் கூடும். அவர் அர்த்தசாமப் பூசையோடு வீட்டுக்குப் போய்ப் படுத்தால் சிவபெருமான் கோபிக்கமாட்டார். தியானமும் அப்படித்தான். சிறிதளவு நன்று, நாட்கணக்காய்ப் பேசாதிருந்து செய்யும் கடுந்தியானம் குரல் கேட்பவருக்கு ஆகாது. யோகாசனத்தைப் பெங்களூர் நிம்ஹான்ஸில் சோதித்து 2007இல் நல்ல பயன் கண்டார்கள். மருந்தை விட்டல்ல, மருந்தோடு சேர்த்து.

மூலிகை என்றால் தீங்கில்லை என்ற எண்ணமும் நம்மிடம் ஊறிப்போயிற்று. சர்ப்பகந்தியை எடுத்துக்கொள்வோம். கல்கத்தாவில் கணநாத சென்னும் கார்த்திக் சந்திர போஸும் அது சித்தப் பிரமைக்கும் இரத்த அழுத்தத்துக்கும் உதவுகிறதென்று 1931இல் எழுதினார்கள். 1952இல் சுவிற்சர்லாந்திலே அதன் சாரமாகிய ரெசர்பினைப் பிரித்தார்கள். 1954இல் நேதன் கிளைன் அதை நியூயோர்க் மனநோயாளருக்குக் கொடுத்துப் பலன் கண்டார். நம் மண்ணின் வேர் உலகத்து மனநோய் மருந்துகளின் முதல் வரிசையில் நின்றது நமக்குப் பெருமையே. ஆனால் அதே ரெசர்பின் பலருக்குக் கைநடுக்கத்தையும், சிலருக்குக் கடும் மனச்சோர்வையும் உண்டாக்கியதாக எழுதப்பட்டது. அமுக்கராவும் நித்திரையைக் கூட்டும். நித்திரைக் குளிசையோடு சேர்ந்தால் மயக்கம் மிகும். பரியாரியாரிடம் போகிறவர் அவருக்குக் குளிசையைக் காட்டவும், வைத்தியரிடம் போகிறவர் அவருக்குக் கஷாயத்தைச் சொல்லவும் வெட்கப்படலாகாது. புகையிலையும் கணக்கிலே சேரும். நாள் முழுதும் சுருட்டுப் பிடிப்பவன் திடீரென்று விட்டால், குளோசபின், ஓலன்சபின் ஆகியவை இரத்தத்திலே கூடிவிடும். கசிப்பையும் கஞ்சாவையும் பற்றி இங்கே விரிக்க வேண்டியதில்லை. அவற்றை விடாதவன் குளிசையைக் குறைக்க நினைப்பது வீண்.

எம் மருமகனுக்கு 2014இலே இரண்டாம் முறை குறைக்கத் தொடங்கினோம். இம்முறை வைத்தியர் சொன்னார், நாம் கேட்டோம். ஒரு நேரத்தில் ஒரு மருந்து மட்டும். முதலில் டயசிபாம், பத்து மாதம் பிடித்தது. பிறகு பென்ஸ்ஹெக்சோல். பிறகு ரிஸ்பெரிடோன் 6 மில்லிகிராமிலிருந்து மெல்ல மெல்ல, இரண்டு வருடத்துக்கு மேல். தமக்கையாருக்கு எழுத்து அதிகம் வராது. கொப்பியிலே நித்திரைக்கு ஒரு புள்ளி, சாப்பாட்டுக்கு ஒரு கோடு, முகம் வாடியிருந்தால் ஒரு சுழி என்று தாமே ஓர் எழுத்து உண்டாக்கிக்கொண்டார். வைத்தியர் அந்தக் கொப்பியைத்தான் முதலிற் கேட்பார். "மனே, குளிசை போட்டியா?" என்று பத்துத்தரம் கேட்பதை விட்டு, இரவிலே ஒரு தரம் மட்டும் கேட்கப் பழகினார், அதுவே அவருக்குப் பெரிய தவம். டிசம்பர் மாதத்திலே ஒருபோதும் குறைப்பதில்லை என்று முதலிலேயே தீர்மானித்தோம். எதைக் கண்டால் அடுத்த நாளே கிளினிக்குக்குப் போவது என்பதையும் எழுதி வைத்தோம்: இரண்டு இரவு நித்திரையின்மை, தேத்தண்ணியை மறுத்தல், வேலியோரம் நிற்றல்.

ஒரு மில்லிகிராமுக்கு வந்த மூன்றாம் மாதம், ஒரு மைம்மல் பொழுதிலே பிள்ளை வேலியோரத்தில் நின்றான். தமக்கையார் சத்தமிடவில்லை. பக்கத்தில் போய் நின்று, "என்ன மனே, கேட்குதா?" என்றார். "சாடையாக் கேட்குதம்மா" என்றான். அடுத்த நாள் போனோம். இரண்டு மில்லிகிராமுக்கு ஏற்றினார்கள். ஒரு கிழமையில் அடங்கிற்று. அதற்குக் கீழே நாம் இன்னும் போகவில்லை. போகவேண்டும் என்று அவனுக்கு ஆசை உண்டு; வருடத்துக்கு ஒருமுறை வைத்தியரிடம் கேட்கிறான். ஆறு இரண்டானதால் உடம்பு மெலிந்தது, காலையில் நான்கரைக்கு எழும்புகிறான். எமக்கு அது போதும், அவனுக்குப் போதாது. அவன் வயதில் எமக்கும் போதாதிருந்திருக்கும்.

நம் பகுதியிலே மருந்து நின்றது பெரும்பாலும் எவரும் திட்டமிட்டுக் குறைத்ததால் அன்று. போர்க்காலத்திலே வீதி மூடினால் மருந்து நின்றது. அக்காலத்தில் மருத்துவர் மகேசன் கணேசன் மட்டக்களப்பிலே மனநல சேவையை அடியிலிருந்து கட்டியெழுப்பியது எத்துணை பெரிய காரியம் என்பது அங்கொடைக்கு நோயாளியைக் கொண்டுபோக வழியற்றிருந்தவர்களுக்குத் தெரியும். கடல் வந்தபோது பேணியோடு மருந்தும் போயிற்று. 2022இலே நாட்டில் டொலர் இல்லாமல் மருந்துத் தட்டுப்பாடு வந்தது. பெற்றோல் இல்லாமல் பஸ்ஸும் ஓடவில்லை. கையிலே இருந்த இரண்டு கிழமைக் குளிசையை எப்படிச் செலவிடுவது என்று வைத்தியரைக் கேட்டு, அவர் சொன்ன கணக்கிலே நாம் அந்த மாதத்தைக் கடந்தோம். கேளாமல் விட்டவர்களும், கேட்க வழியில்லாதவர்களும் நம் ஊரிலேயே இருந்தார்கள். ஆகவே இரண்டு கிழமைக் கையிருப்பு, மருந்தின் பெயரும் அளவும் எழுதிய ஒரு துண்டு, இவை எந்த வீட்டிலும் இருக்கட்டும். இரவு பகல் எந்நேரமும் 1926 என்ற இலக்கத்தை அழைத்தால் தேசிய மனநல நிறுவனத்தார் பேசுவார்கள்.

மருமகனுக்கு 2018இலே கலியாணம் நடந்தது. இம்முறை பெண் வீட்டாருக்கு முதல் நாளே கிளினிக் கொப்பியைக் காட்டினோம். இரண்டு இடத்தார் எழும்பிப் போனார்கள்; மூன்றாம் இடத்தார் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். பெண்ணின் தகப்பனார் கொப்பியைப் புரட்டிப் பார்த்து, சுழிகள் எல்லாம் என்ன என்று தமக்கையாரிடம் கேட்டார்.

கூட்டம் முடிந்த பின், பேர் சொல்ல விரும்பாதவர்களும் எம்மிடம் வந்து பேசலாம். வாழைச்சேனைக்கோ மட்டக்களப்புக்கோ கிளினிக் நாளிலே கூடவர ஆளில்லாதவர்கள் இருந்தால், கூடப்போவதற்குச் சங்கத்து இளைஞர் நால்வர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். அவர்களின் பெயர்ப் பட்டியல் செயலாளரிடம் இருக்கிறது.